மொறிஸ் மைனரும் ஸ்பிரைட்டும்: ஸ்போர்ட்ஸ் காரின் இலக்கணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலக்கியம் தோன்றிய பின்னரே அதற்கு இலக்கணம் வகுக்கப்படும் என்பது தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிந்தது. மனிதன் ஆக்கிய பொருள்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் மோட்டார் வாகனம் உலகில் ஓடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், அதன் இலக்கணம் யாதென்பதில் கருத்து வேறுபாடு தீர்ந்தபாடில்லை. மிக விரைவாக ஓடுவது எதுவோ அதுவே ஸ்போர்ட்ஸ் கார் என்பர் சிலர். மிகுந்த விலையுடையதே அது என்பர் வேறு சிலர். தாழ்ந்த உருவமும் இரண்டு கதவுகளும் செந்நிறமும் இருந்தாற் போதும் என்று கொள்வாரும் உளர். இம்மூன்று கொள்கைகளும் வரலாற்றின் முன் நிற்கமாட்டா. அவ்வாறு நிற்கமாட்டா என்பதை நிறுவுதற்கு இத்தாலிக்கோ இங்கிலாந்துக்கோ செல்ல வேண்டியதில்லை. அம்பாறைக் கரையோரத்தின் பழைய வாடகைக் கார்களே போதுமானவை.

திருக்கோவிற் பிரதேசத்து வினாயகபுரத்திலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு, தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைத் தொட்டுக் கல்முனையை அடைகின்றது. இப்பாதையில், இலங்கையின் ஏனைய பாதைகளிற் போலவே, நெடுங்காலம் ஓடியவை மொறிஸ் மைனரும் ஒஸ்டின் வகைகளுமாம். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிற் றிருவிழாவுக்கும் கந்தூரிக்கும் மக்களை ஏற்றிச் சென்ற இவ்வாகனங்களை ஸ்போர்ட்ஸ் கார் என்று எவரும் அழைத்ததில்லை, அழைக்கவும் இயலாது. ஆயினும் 1956ஆம் ஆண்டு முதல் மொறிஸ் மைனர் 1000 என்னும் வண்டியின் முன்மூடியினுள் இருந்த 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமே, 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. இயந்திரம் ஒன்று, வாகனங்கள் இரண்டு, ஒன்று வாடகைக் கார், மற்றது ஸ்போர்ட்ஸ் கார். இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்ற வினாவுக்கு விடை காண்பதே ஸ்போர்ட்ஸ் காரின் இலக்கணத்தைக் காண்பதாகும்.

மோட்டார் வாகனத்தின் முதற் பருவத்தில் ஓட்டப் பந்தய வண்டிக்கும் பயண வண்டிக்கும் இடையே தெளிவான எல்லை இருக்கவில்லை. பந்தய வண்டிகள் பேருருவமும் பேரியந்திரமும் கொண்டு வளர்ந்த பின்னரே அவை அன்றாடத் தெருவுக்கு ஒவ்வாதன ஆயின. அப்பிரிவினைக்கு எதிராகவே ஜேர்மனியில் பிரின்ஸ் ஹென்றி ஓட்டங்கள் நடத்தப்பெற்றன. நாற்பேர் அமரக்கூடிய, தெருவில் ஓடக்கூடிய வண்டிகளை நெடுந்தூரம் செலுத்திச் சோதிப்பது அவற்றின் நோக்கம். 1910இல் அவ்வோட்டத்திற் கலந்துகொள்வதற்கென லோறன்ஸ் பொமரோய் வடிவமைத்த வொக்ஸோல் வண்டி, பின்னர் அவ்வோட்டத்தின் பெயராலேயே விற்பனைக்கு வந்தது. உலகின் முதலாவது ஸ்போர்ட்ஸ் கார் அதுவே என வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அதே ஆண்டில் புகாட்டியின் பதின்மூன்றாம் வகை வண்டியும் தோன்றிற்று. முதன்மை எதற்கு என்ற வழக்கு ஈண்டு வேண்டற்பாலதன்று. இரண்டிலும் காணப்படும் பொதுத் தன்மையே கருதத்தக்கது: தெருவுக்குரிய வண்டி, ஆனால் ஓட்டுவதன் பொருட்டே ஓட்டப்படும் வண்டி.

1923இல் பிரான்சின் லெ மான் நகரில் தொடங்கிய இருபத்துநான்கு மணித்தியாலப் போட்டி இத்தன்மையைச் சட்டமாக்கிற்று எனலாம். விளக்குகள், சேற்றுக் காப்புகள், கூரைத் துணி முதலியன இல்லாத வண்டிகளுக்கு அங்கு இடமில்லை. 1920களில் நடந்த சில போட்டிகளில், சாரதி தாமே இறங்கிக் கூரைத் துணியை விரித்துக் கட்டி, குறிப்பிட்ட சுற்றுகளை அவ்வண்ணமே ஓடவேண்டியிருந்தது. இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றும் இவ்விதியினுள் ஆழ்ந்த கருத்தொன்று உண்டு. மழையில் நனையாது வீடு செல்ல உதவாத வண்டி எத்துணை விரைவாயினும் அது பந்தய வண்டியேயன்றி ஸ்போர்ட்ஸ் கார் அன்று. போட்டி நடக்கும் இடத்துக்குத் தானே ஓடிச் சென்று, அங்கே போட்டியிட்டு, மாலையில் அதே சில்லுகளில் வீடு திரும்பும் வண்டியே ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பழைய வரைவிலக்கணம் இவ்வகையிற் பிறந்தது.

எனினும் லெ மானில் வென்ற பென்ற்லி போன்ற வண்டிகள் செல்வர்க்கே உரியனவாயிருந்தன. நடுத்தர வகுப்பினனுக்கு ஸ்போர்ட்ஸ் காரைக் கொணர்ந்து கொடுத்தவர் ஒக்ஸ்போர்ட் நகரின் மொறிஸ் கராஜின் முகாமையாளராயிருந்த செசில் கிம்பர். அந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. என வழங்கலாயின. 1928இல் மொறிஸ் நிறுவனம் மைனர் என்னும் சிறு வண்டியை வெளியிட்டபோது (இது பிற்கால மைனருக்கு முன்னோன், பெயரால் மட்டும் ஒன்றானது), கிம்பர் அதன் அடித்தளத்தையும் 847 க.செ.மீ. இயந்திரத்தையும் எடுத்து, இலேசான ஈராசன உடலொன்றை அதன்மேல் ஏற்றினார். அவ்வாறு தோன்றிய எம்.ஜி. மிட்ஜெட் வண்டி, ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிப் போட்டியில் பரிசு பெற்றாற்போலப் பெரிய வண்டிகளிடையே புகழீட்டியது. பொது வண்டியின் உறுப்புகளை எடுத்துப் புதிதாகக் கோக்கும் இம்முறை, பின்வந்த அரை நூற்றாண்டில் ஸ்போர்ட்ஸ் காரின் தலையாய மரபாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இம்மரபு கடல் கடந்தது. 1945 முதல் 1949 வரை ஏறத்தாழப் பதினாயிரம் எம்.ஜி. டி.சி. வண்டிகள் ஆக்கப்பெற்றன. இங்கிலாந்திற் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் இவ்வகை வண்டிகளின்பாற் காதல் கொண்டனர். வலக்கைப் புறச் செலுத்துகையுடன் மட்டுமே அது ஆக்கப்பட்டபோதிலும் வலப்புறம் ஓடும் அமெரிக்காவில் அவர்கள் அதனை வாங்கினர். 1948இல் ஒஸ்திரியாவின் குமுண்ட் என்னும் சிற்றூரில் ஃபோக்ஸ்வாகன் உறுப்புகளைக் கொண்டே போர்ஷே 356 வண்டி தோன்றியது. இன்று பெருஞ்செல்வத்தின் அடையாளமாக விளங்கும் அப்பெயர், மக்கள் வண்டியின் வயிற்றிற் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இனி ஸ்பிரைட்டுக்கு வருவோம். 1952இல் ஒஸ்டின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தமையால், ஒஸ்டின் ஆக்கிய ஏ வரிசை இயந்திரம் மொறிஸ் மைனருக்குள்ளும் புகுந்தது. தொடக்கத்தில் 803 க.செ.மீ. ஆக இருந்த அது 1956இல் 948 ஆயிற்று. டொனால்ட் ஹீலி என்பார் இவ்வியந்திரத்தையும், சிறிய ஒஸ்டின் ஏ35 வண்டியின் முன்பக்கத் தொங்கலமைப்பையும், மொறிஸ் மைனரின் ஸ்டியரிங் அமைப்பையும் ஒன்று சேர்த்துத் தம் வண்டியை அமைத்தார். ஆகவே அவ்வண்டியின் உயிர்நிலைகள் இரண்டு, கல்முனை வாடகைக் காரின் உயிர்நிலைகளேயாம்.

வேறுபாடு எங்கே உளது? இயந்திர வலுவில் அது சிறிதே. மைனர் 1000 ஏறத்தாழ 37 குதிரைவலுவும், இரட்டைக் காபரேற்றர் பூண்ட ஸ்பிரைட் 43 குதிரைவலுவும் தந்தன. ஆறு குதிரைகளால் ஒரு வகுப்பே மாறிவிடாது. எடையையும் உயரத்தையும் நோக்கினால் உண்மை புலப்படும். மைனரின் எடை ஏறத்தாழ 750 கிலோகிராம். ஸ்பிரைட்டினது 660 கிலோகிராம் அளவினது. மைனரின் உயரம் ஒன்றரை மீற்றர். கூரைத் துணி விரித்த நிலையிலும் ஸ்பிரைட் ஒன்றேகால் மீற்றரே. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரமும் குறைந்தது. சாரதி வண்டியின் நடுவிற்குச் சற்றுப் பின்னே, ஏறக்குறைய நிலத்தைத் தொடும் தாழ்வில் அமர்கின்றான். வண்டியின் கனம் நிலத்துக்கு அண்மையில் இறங்கிவிடுவதால் வளைவில் அது சாய்வதில்லை. கனமான உறுப்புகள் நடுவை நோக்கி ஒடுங்கிவிடுவதால் திரும்பச் சொன்னவுடன் திரும்புகின்றது.

இதன் அடிப்படை டயரில் இருக்கின்றது. உள்ளங்கையளவான நான்கு இடங்களிலேயே ஒரு வண்டி நிலத்தைத் தொடுகின்றது. அவ்விடங்களின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. முன்னோக்கித் தள்ளுதல், நிறுத்துதல், பக்கத்தே திருப்புதல் ஆகிய மூன்று வேலைகளும் அவ்வொரு பிடியையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொன்றுக்கு இல்லை. எடை குறைந்த வண்டி மூன்றுக்கும் குறைவாகவே கேட்கின்றது. அன்றியும் பிடி எத்துணை எஞ்சியிருக்கின்றது என்பதைச் சாரதியின் கைக்கும் முதுகுக்கும் ஒளியாது சொல்கின்றது. வேகத்தைக் காட்டிலும் இவ்வுரையாடலே ஸ்போர்ட்ஸ் காரின் உயிர். ஸ்பிரைட் மணிக்கு எண்பது மைலைச் சிறிதே தாண்டும். அறுபது மைல் வேகத்தை எட்ட இருபது விநாடி வேண்டும். இன்றைய சாதாரண ஜப்பானியச் சிறு கார் அதனை எளிதில் முந்திச் செல்லும். ஆயினும் முந்திச் செல்வது ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. பின்தங்கியது ஸ்போர்ட்ஸ் காரே.

சங்கச் செய்யுட்களின் முல்லைத்திணையில், வினைமுடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுவதும், பூவில் இணைந்திருக்கும் வண்டுகள் கலையாதிருத்தற்பொருட்டுத் தேர்மணியின் நாவைக் கட்டிச் செல்வதும் அறிஞர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டவை. விரைவும் நுண்மையான கட்டுப்பாடும் ஒரே தேரில் நிற்கக்கூடியன என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. ஜப்பானியர் குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்று இதனைக் குறிப்பர்.

ஸ்பிரைட்டில் குறைகளும் பல. கதவுகளுக்கு வெளிப்புறக் கைபிடி கிடையாது. பக்கத் திரையினூடாகக் கைவிட்டே திறத்தல் வேண்டும். பின்புறப் பெட்டிக்கு மூடி கிடையாது. ஆசனங்களுக்குப் பின்னாற் புகுந்தே பொருள்களை எடுத்தல் வேண்டும். முன்விளக்குகள் மடங்கி மறையும்படி முதலில் எண்ணப்பட்டு, செலவு கருதி நிலையாக நிறுத்தப்பட்டமையால், தவளைக் கண்ணன் என்ற பட்டப்பெயரும் அதற்கு வாய்த்தது. உலகிற் பெரிதும் நேசிக்கப்பட்ட முகங்களுள் ஒன்று சிக்கனத்தாற் பிறந்தது என்பது சுவையான செய்தி. 1961 வரை ஏறத்தாழ 49,000 வண்டிகள் ஆக்கப்பெற்றன.

இலங்கையில் ஸ்போர்ட்ஸ் காரின் வரலாறு மலைநாட்டிலும் மேற்குக் கரையிலும் நிகழ்ந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 முதல் அறியப்படுகின்றது. தேயிலைத் தோட்டத்து ஆங்கிலத் துரைமாரும் கொழும்புச் செல்வரும் அதிற் கலந்துகொண்டனர். போரின்போது களுத்துறைக்கு அண்மையில் அமைக்கப்பட்ட கட்டுக்குருந்த விமானத் தளம், போருக்குப் பின் மோட்டார் ஓட்டக் களமாயிற்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரனுக்கும் சென்னைக்கு அருகேயுள்ள சோழவரத்துக்கும் இதுவே வரலாறு. போருக்கென இடப்பட்ட ஓடுபாதைகள், போர் ஓய்ந்தபின் விளையாட்டுக்கு உதவின. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல ஆண்டுகள் சோழவரத்தில் ஓட்டங்களை நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையிற் சொந்தக் களம் கண்டது.

சென்னையின் தொடர்பு வேறொரு வகையாலும் கருதத்தக்கது. அங்கிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் டிரையம்ப் ஹெரால்ட் வண்டியை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் ஆக்கி விற்றது. தமிழ்நாட்டில் மருத்துவரும் வழக்கறிஞரும் குடும்பத்தோடு சென்ற வண்டி அது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி, தாழ்ந்த உடலொன்றைப் பொருத்தி 1962இல் வெளியிட்டனர். அதுவே ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். இந்தியாவின் அம்பாசடர் வண்டியில் நெடுங்காலம் ஓடிய 1489 க.செ.மீ. இயந்திரமும், 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திரமும் ஒரே குடும்பத்தவை. தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்த இரு நாடுகளிலும் ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்புகள் தெருவெங்கும் ஓடின. ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் சிலரது கொட்டகையில் நின்றது. இதற்குத் தொழினுட்பம் காரணமன்று. இரண்டே பேர் அமரக்கூடிய வண்டியை வாங்குதற்கு, அவ்விருவருக்கு அப்பால் ஏற்றிச் செல்ல எவரும் இல்லாதிருக்கவேண்டும். அல்லது வேறொரு வண்டியும் வீட்டில் இருக்கவேண்டும். கூட்டுக் குடும்பமும் அயலவரும் ஏறிச் செல்லும் கிழக்குக் கரையோரத்தில் இவ்விரண்டும் அரியன.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையிற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் விளைவாக ஏற்கனவே நாட்டிலிருந்த மைனர்களும் ஒஸ்டின்களும் இறவா வரம் பெற்றன. உதிரிப்பாகம் கிடையாதபோது அதனைக் கடைந்தும் உருக்கியும் ஆக்கிக்கொள்ளும் கைத்திறன் நாட்டின் கராஜுகளில் வளர்ந்தது. இத்திறனின் பயனாக, 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் இலங்கையில் ஆக்கப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதியாயின. ஆக்கியவன் நாட்டுக்கே அவன் மறந்த உறுப்பைச் செய்து அனுப்பிய இவ்வரலாறு தனிக் கட்டுரையொன்றுக்கு உரியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் பெருவாரியாக வந்தன. ஜப்பானும் இலங்கையும் தெருவின் இடப்புறம் ஓடுபவை ஆதலின் அவ்வரவு எளிதாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தின் மரபு அழிந்துகொண்டிருந்தது. 1962 முதல் ஐந்து இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட எம்.ஜி.பி. வண்டிக்கு நேர்ந்தது இலக்கணம் தேடுவோர்க்கு நல்ல பாடம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்குதற்பொருட்டு 1974இல் அதற்குப் பருத்த இறப்பர் காப்புகள் பூட்டப்பட்டன. வண்டியின் உயரமும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கூட்டப்பட்டது. பெயர் அதுவே, ஆசனங்கள் இரண்டே, கூரைத் துணியும் அதுவே. ஆயினும் அந்த ஒன்றரை அங்குலத்தால் அது வளைவிற் சாயத் தொடங்கிற்று. பழைய சாரதிகள் அதனை ஏற்க மறுத்தனர். 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காரின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர்.

அவர்கள் கூற்றைப் பொய்ப்பித்தது ஜப்பான். அந்நாட்டினர் இப்பாடத்தை முன்னரே கற்றிருந்தனர். 1965இல் டொயோட்டா தன் பப்ளிக்கா என்னும் எளிய வண்டியின் இருசிலிண்டர் இயந்திரத்தை 580 கிலோகிராம் எடையேயுள்ள சிறு உடலில் வைத்து ஸ்போர்ட்ஸ் 800 என்ற வண்டியை ஆக்கியிருந்தது. 1989இல் மஸ்தா நிறுவனம் எம்.எக்ஸ்-5 வண்டியை வெளியிட்டது. 1.6 லீற்றர் இயந்திரம் முன்சில்லின் அச்சுக்குப் பின்னே தள்ளி வைக்கப்பட்டது. வலு பின்சில்லுகளுக்குச் சென்றது. எடை ஆயிரம் கிலோகிராமுக்குள் நின்றது. முன்னும் பின்னும் கனம் ஏறக்குறையச் சமமாயிற்று. ஆங்கில வண்டியின் ஆன்மாவை எடுத்துக்கொண்டு, ஒழுகும் எண்ணெயையும் அணையும் விளக்கையும் விட்டுவிட்டனர் என்று கூறின் மிகையாகாது. 2016இல் பத்திலட்சமாவது வண்டி வெளிவந்தது. விலையாலும் வேகத்தாலும் அன்றி, இலக்கணத்தாலேயே அது வென்றது.

மின்சார வண்டி இவ்விலக்கணத்துக்குப் புதிய சோதனை. 1996இன் லோட்டஸ் எலீஸ் ஏறத்தாழ 725 கிலோகிராம். அதனை ஒட்டி 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர், மின்கலங்களின் பாரத்தால் ஏறத்தாழ 1,300 கிலோகிராம் ஆயிற்று. முன்னோக்கிப் பாய்வதில் அது நிகரற்றது. வளைவிலோ பாரம் தன் கணக்கைக் கேட்கும். இலங்கையில் உருவான வேகா என்னும் மின்சார வண்டி 2020இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளியிடப்படவிருந்து, கொரோனாத் தொற்றினாற் கண்காட்சியே கைவிடப்பட்டமையால் அவ்வாய்ப்பை இழந்தது. அத்தகைய வண்டிகளை அதிவேகக் கார் எனத் தனி வகையாகக் கொள்வதே பொருத்தம்.

ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதுவோர் ஒரு பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். 1955 யூன் 11ஆந் திகதி லெ மானில் ஒரு வண்டி பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்ததில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஏப்பிரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தில் வண்டியொன்று பாதையைவிட்டு விலகிப் பார்த்திருந்தோர்மீது ஏறியதில் எழுவர் இறந்தனர். அவருள் ஒரு சிறுமியும் அடக்கம். விரைவின் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் விரைந்தவர் அல்லர். களத்திலேயே இவ்வாறெனின், வீட்டு வாயில்கள் நேரே திறக்கும் கரையோரத் தெருவில் என்னாகும் என்பதைக் கணக்கிடுதல் கடினமன்று. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் வண்டி 100இல் ஓடுமாயின், வேகம் ஒன்றரை மடங்கும் ஆகவில்லை. நிறுத்தத் தேவையான தூரமோ இரு மடங்காகின்றது.

இலங்கைச் சட்டப்படி கார்களுக்குரிய எல்லை ஊர்ப்புறத்தே 50, ஏனைய தெருக்களில் 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர். கார் வாங்க எண்ணும் இளைஞன் முதலிற் கருதவேண்டியது இவ்வெண்களையே. மணிக்கு 250 கிலோமீற்றர் ஓடவல்ல கனத்த வண்டி 70இல் உறங்கும். அதன் உரிமையாளன் அதனை எழுப்ப முயலும்போதே விபத்து நேர்கின்றது. ஸ்பிரைட்டோ எம்.எக்ஸ்-5 வண்டியோ 60இலேயே விழித்திருக்கும். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் சட்டத்துக்குட்பட்ட வேகத்திலேயே தன் இன்பத்தைத் தருவது. ஆதலின் தெரிவு செய்வோன் குதிரைவலுவைக் கேட்குமுன் எடையைக் கேட்டல் தகும். இலங்கையில் இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்பத் தீர்வை உயர்வதனால், சிறிய இயந்திரத்தை விரும்புவோனுக்கு அரசிறையும் ஓரளவு துணைநிற்கின்றது.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் பாவித்த வாகனங்களுக்கு வயதெல்லை உண்டு. ஆகவே 1990களின் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களை நாடுவோர் ஏற்கனவே இந்நாட்டிற் பதிவானவற்றுள்ளேயே தேடவேண்டும். அத்தகைய வண்டி கைமாறிக் கைமாறி வந்திருக்கும். பதிவுப் புத்தகத்திலுள்ள சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் முதல் நிபந்தனை. இயந்திரத்தின் குற்றத்தைப் பின்னர்த் திருத்தலாம். ஏ வரிசை இயந்திரத்தை அறிந்த கைகள் நாட்டிற் பஞ்சமில்லை. உடலின் குற்றம் அவ்வாறன்று. கூரையற்ற வண்டிக்கு மேற்றாங்கல் இல்லாமையால் அதன் பலமெல்லாம் கதவின் கீழோடும் பக்கச் சட்டங்களிலேயே தங்கியுள்ளது. அவை துருவேறிய வண்டி நடுவில் தொய்யும், கதவு இறுகும், இலக்கணம் கூறிய நேர்த்தியான திருப்பம் அழியும்.

வினாயகபுரம் போன்ற ஊரில் இதன் முக்கியம் இருமடங்கு. கடற்காற்றின் உப்பு மெல்லிய தகட்டை இரவும் பகலும் தின்கின்றது. மேலும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையிலான பாதை சமதரையிற் செல்வது. மலைநாட்டின் வளைவுகள் அங்கில்லை. அறுவடைக் காலத்தில் தெருவோரம் நெல் காய்வதும், மாடுகள் படுத்திருப்பதும், பொத்துவிற் புறத்தே யானை குறுக்கிடுவதும் வழக்கம். மிகத் தாழ்ந்த வண்டியில் அமர்ந்தவன் இவற்றைத் தாமதித்தே காண்பான். வேகத்தடைகளில் வயிறு உரசும். ஆகவே இக்கரையில் வாழ்வோன், மிகத் தாழ்ந்ததையும் மிக இறுகிய சுருள்களையும் ஒதுக்கி, தொழிற்சாலை வைத்த உயரத்திலேயே உள்ள வண்டியைத் தெரிதல் நலம். முன்னைய உரிமையாளன் அழகு கருதிச் சுருளை வெட்டித் தாழ்த்திய வண்டியை, விலை எத்துணை குறைவாயினும், விட்டுவிடுவதே மேல்.

பார்வையிடச் செல்வோன் காலை வேளையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே செல்லவேண்டும். கூரைத் துணியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தல், டயரின் பக்கத்தே பொறித்த ஆண்டை வாசித்தல், வளைவுள்ள தெருவில் 40 கிலோமீற்றரில் ஸ்டியரிங்கின் பதிலைக் கவனித்தல் ஆகியவை அடுத்து வருவன. எல்லாவற்றுக்கும் முன், ஆசனத்தின் கீழுள்ள கம்பளத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அங்கே ஈரமும் மணற்றுகளும் இருக்குமாயின், மேலே பூசிய செந்நிறத்தைப் பற்றி உரிமையாளன் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.